குழந்தைத் தொழிலாளர் சட்டம்: சோதனை கடையில் நடக்கிறது, பிள்ளை கிளம்புவது ஊரிலிருந்து

செக்கானூரணிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

மதுரை டவுனுக்குள் நிலைமை மாறியிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் டவுன் ஹால் ரோட்டிலோ மாசி வீதியிலோ எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் மேசை துடைக்கப் பத்து வயசுப் பையன்தான் வருவான். இப்போது அப்படிப் பார்ப்பது அரிது. 2016-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். சோதனைகள் நடக்கின்றன, கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். இது உண்மையான மாற்றம்.

என் கவலை வேறு. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு 'முறுக்குக் கம்பெனி' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வெளி மாநிலத்தில் முறுக்குச் சுட்டு விற்கிற இடம். வீட்டில் ஒரு தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுப் பையனை மகாராஷ்டிரா, குஜராத், ஆந்திரா என்று கூட்டிப் போய்விடுகிறார்கள். பத்திரிகைகளில் பலமுறை வந்தது, அதிகாரிகள் பலமுறை மீட்டுக்கொண்டும் வந்தார்கள். ஆனால் அந்தப் பையன் இங்கே எந்தக் கடையிலும் இல்லை. மதுரையில் எத்தனை கடைக்குள் நுழைந்து பார்த்தாலும் அவன் ஆய்வாளர் கண்ணில் படப் போவதில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஏழாவது முடித்த ஒரு பையன் ஜூனில் பள்ளி திறந்தும் வரவில்லை. கேட்டால் "மாமா கூடப் போயிருக்கான், வந்துருவான்" என்கிறார்கள். எங்கே சொல்வது? சொன்னால் அவன் அப்பாவைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களா? அந்தப் பயத்தில்தான் ஊரே வாய் திறக்காமல் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிப்பாளையம் மெஸ்

உங்கள் கேள்விக்கு வக்கீல்கள் யாராவது பதில் சொல்லட்டும். கடை நடத்துகிறவனாக எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வேலை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பதினஞ்சு, பதினாறு வயசுப் பையன்கள். பத்தாவது போகவில்லை, வீட்டில் சும்மா இருக்கக் கூடாது என்று அம்மாவே கூட்டி வந்து நிற்கிறார். 14-க்கு மேல் என்றால் வைக்கலாம் என்று ஒருத்தர் சொல்கிறார், 18 வரை கூடவே கூடாது என்கிறார் இன்னொருத்தர். எது சரி? நான் இதுவரை யாரையும் வைத்ததில்லை. ஆனால் திருப்பி அனுப்பினால் அவன் அடுத்த தெருவில் வெல்டிங் பட்டறையில் நிற்கிறான். அது இதைவிட மோசம் இல்லையா?

மேலூர் வக்கீல்

இரண்டு கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடைக்காரர் அண்ணனுக்கு: சட்டத்தில் இரண்டு படி இருக்கிறது. 14 வயது முடியாதவர் குழந்தை, எந்த வேலைக்கும் தடை. 14 முடிந்து 18 ஆகாதவர் வளரிளம் பருவத்தினர். அவர்களுக்குச் சுரங்கம், வெடிமருந்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள், சட்டத்தின் பட்டியலில் உள்ள அபாயகரமான வேலைகள் ஆகியவைதான் முழுத் தடை. மற்ற வேலைக்கு வைக்கலாம், ஆனால் நிபந்தனை உண்டு. இடைவேளையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, ஓவர்டைம் கிடையாது. முக்கியமாக, மாலை 7 மணிக்கு மேல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. மதுரையில் புரோட்டாக் கல் சூடேறுவதே ஏழு மணிக்கு. ஆகவே ராத்திரிக் கடையில் 17 வயதுப் பையன் நின்றாலும் அது சட்ட மீறல்தான். வேறு வேலைக்கு வைத்தால் தொழிலாளர் துறைக்கு அறிவிப்புக் கொடுத்து, பதிவேடும் வைக்க வேண்டும். வயதில் தகராறு வந்தால் ஆதார், பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று பார்ப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை.

செக்கானூரணித் தம்பிக்கு: இந்தச் சட்டப்படி பெற்றோருக்கு முதல் தடவை தண்டனை இல்லை. மறுபடியும் அதையே செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். இதை ஊரில் நாலு பேரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். வழக்கு பாய்வது கூட்டிப் போனவர் மீதும் வேலை வாங்குகிறவர் மீதும்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிப் போயிருந்தால் அது வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்கு இல்லை, 1976-ஆம் வருஷச் சட்டப்படி கொத்தடிமை வழக்கு. இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. விரிவாக அப்புறம் எழுதுகிறேன், கோர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

முன்னாள் முறுக்குப் பையன்

இந்த இழையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் போனவன்தான். எந்த மாநிலம், யார் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம்.

ஆறாவது லீவில் கூட்டிப் போனார்கள். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனும், ஊர் விசேஷங்களுக்கு வைக்க வேண்டிய செய்முறைப் பணமும் சேர்ந்து அப்பாவின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம். கூட்டிப் போனவர் வெளியாள் இல்லை, எங்களுக்கு உறவுமுறை, ஊரில் மரியாதை உள்ளவர். அங்கே ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் எழுப்பிவிடுவார்கள். மாவு பிசைந்து, அச்சில் போட்டுப் பிழிந்து, எண்ணெய்ச் சட்டியில் விட்டு எடுக்க வேண்டும். சட்டிப் பக்கம் நிற்கிறவன் யார் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த புள்ளி புள்ளியாக இருக்கும், ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. விடிந்ததும் பாக்கெட் போடுவது, அப்புறம் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. படுக்கை அந்த அடுப்பு ரூமிலேயே.

சம்பளம் கையில் வராது, கணக்குதான். காய்ச்சலில் படுத்த நாள் கழியும். ஊருக்கு வந்துபோகிற செலவும் கணக்கில் ஏறும். அதனால் வருஷம் முடிந்தாலும் அட்வான்ஸ் தீராது.

ஒரு தடவை அதிகாரிகள் வந்தார்கள். எங்களை எல்லாம் மீட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. கூட்டிப் போனவர்தான் வந்தார், மீதிப் பணத்தைக் கேட்டு. என்னோடு வந்தவர்களில் சிலர் அடுத்த பொங்கல் முடிந்ததும் திரும்பப் போய்விட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை இருந்தது. மீசை அரும்பிவிட்டது, ஆறாவது முடித்தவனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

தம்பி, உன் கடைசி வரியைப் படித்து மனசு கனத்துவிட்டது. உனக்குச் சட்டத்தில் வழி இருந்தது. 2010-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தில், இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. 14 தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை அந்த உரிமை போகாது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

பள்ளிக்கூடத்தில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் இரண்டு நேரத்தில்: ஒன்று ஏப்ரல், மே விடுமுறை, இன்னொன்று பொங்கலை ஒட்டி. லீவுக்கு 'சும்மா உதவிக்கு' என்று போகிறவன் ஜூனில் திரும்புவதில்லை. முதல் வாரம் ஆசிரியர் விசாரிப்பார். "பாட்டி ஊரில் இருக்கிறான்" என்பார்கள். அடுத்த மாதமும் அதே பதில். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக 'வரவில்லை' என்று விழுந்துகொண்டே இருக்கும். பெயரை நீக்கினால் இடைநிற்றல் கணக்கில் ஏறும், மேலே விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும், பிள்ளை மட்டும் இருக்க மாட்டான்.

வருஷா வருஷம் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு எடுக்கிறோம். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியப் பயிற்றுநர்கள் செங்கல் சூளை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் சுற்றுகிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளை அந்தக் கணக்கெடுப்பில் சுலபமாக நழுவிவிடுவான். எங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டுப் பிள்ளை முறுக்குக்குப் போனான் என்று தெரிய ஆய்வு ஒன்றும் தேவையில்லை. வகுப்பாசிரியர் மேசையில் இருக்கிற பதிவேடு போதும்.

மேலூர் வக்கீல்

ஐயா சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. 2017-இல் மத்திய அரசு இந்தச் சட்டத்தின் விதிகளைத் திருத்தியது. அதில் ஒரு விதியைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. பள்ளியில் படிக்கும் குழந்தை தகவல் சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், தலைமையாசிரியர் அதை மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அதிகாரியை நியமிப்பது கலெக்டர். அதாவது பிள்ளை கடையில் பிடிபடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பதிவேட்டில் 30 நாள் காலியாக இருந்தாலே வேலை தொடங்கிவிடலாம்.

இதை வைத்து யாரும் ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. தலைமையாசிரியர்களைக் குற்றம் சொல்லவில்லை. இப்படி ஒரு விதி இருப்பதை அவர்களிடம் யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

அடுத்து, கொத்தடிமைச் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவைத்த வழக்கு என்று விசாரணையில் தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். நம் பக்கம் அதைக் கொடுக்கிறவர் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். அந்தச் சான்றிதழ் கையில் வந்தால், முறுக்குத் தம்பி வீட்டு வாசலில் நடந்த மாதிரி யாரும் வந்து மீதிப் பணம் கேட்க முடியாது. கொத்தடிமைக் கடன் சட்டப்படி ரத்து. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கில் நிரூபணமானால் குழந்தைகளுக்கு மறுவாழ்வு உதவி 2 லட்சம் வரை உண்டு. சான்றிதழ் இல்லாமல் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினால் இதில் எதுவும் கிடைக்காது, கடன் மட்டும் அப்படியே நிற்கும். மீட்கப்பட்ட பிள்ளை திரும்பப் போவதற்குக் காரணம் இதுதான். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பிடித்துவைத்து வேலை வாங்கிச் சம்பளத்தையும் கொடுக்காமல் இருந்தால், சிறார் நீதிச் சட்டம் 79-ஆம் பிரிவில் 5 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம்.

தொழிலாளர் துறையில் இருந்தவன்

ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் எழுதலாம். சோதனைக்குப் போகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். ஒரு உதவி ஆய்வாளர் கையில் குழந்தைத் தொழிலாளர் மட்டும் இல்லை. எடை, அளவு, குறைந்தபட்சச் சம்பளம், கடைச் சட்டம் எல்லாம் அவர் தலையில்தான். வருவாய்த் துறை, போலீஸ், கல்வித் துறை, குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாரையும் சேர்த்து ஒரு வண்டியில் கூட்டிப் போவதற்குள் தகவல் முன்னாலேயே போய்விடும். உள்ளே போனால் "சொந்தக்காரப் பையன் சார், லீவுக்கு வந்திருக்கான்" என்பார்கள். பையனும் பயத்தில் அதையே சொல்வான். மீட்டவுடன் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும், அதைச் செய்துவிடுவோம். அதற்குப் பிறகு அவன் எந்தப் பள்ளியில் சேர்ந்தான், தொடர்ந்து போகிறானா என்று பார்க்க எங்களிடம் ஆள் கிடையாது.

1996-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கொடுக்க வேண்டும், அது முடியாவிட்டால் அரசு 5,000 போட வேண்டும் என்றது. வீட்டில் பெரியவருக்கு வேலை என்ற அந்த யோசனை எனக்கு எப்போதும் பிடித்தது. இன்றைய சட்டத்தில் மறுவாழ்வு நிதி இருக்கிறது: முதலாளி கட்டும் அபராதமும், அரசு போடும் 15,000 ரூபாயும் பிள்ளையின் பெயரில் சேரும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அபராதம் வர வழக்கு முடிய வேண்டும்.

இன்னொன்று. விருதுநகர் பக்கம் 1988-இலிருந்து தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிறப்புப் பயிற்சி மையங்கள் நடந்தன. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லி, சாப்பாடு போட்டு, மாதம் உதவித்தொகையும் கொடுத்து, பிறகு சாதாரணப் பள்ளியில் சேர்த்தார்கள். 2021-இல் அதை சமக்ர சிக்ஷா என்ற பொதுவான பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். பாடம் நடக்கும், சரி. 'இந்தப் பிள்ளை ஏன் இன்று வரவில்லை' என்று வீட்டுக்குப் போய் நிற்பதற்கென்றே இருந்தவர்கள் இப்போது எங்கே?

திருமங்கலம் மல்லி

எல்லாரும் ஆம்பளைப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். மில்லுக்குப் போன பொம்பளைப் பிள்ளைகளை மறந்துவிட்டீர்களா? வேடசந்தூர் பக்கமும் கோயம்புத்தூர்ப் பக்கமும், மூணு வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிக் கூட்டிப்போனது நம் ஊர்ப் பிள்ளைகளைத்தானே.

எனக்கு இன்னொரு சந்தேகம். நாங்கள் பூக்காட்டுக்காரர்கள். மல்லி மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் போனால்தான் விலை. விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டோடு காட்டில் நிற்போம், பிள்ளைகளும் நிற்கும். அப்புறம் குளித்துப் பள்ளிக்கூடம் போகும். இதையும் குற்றம் என்கிறீர்களா?

மேலூர் வக்கீல்

சொந்தக் காட்டில், படிப்பு கெடாமல், பள்ளி நேரம் போக உதவுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது அக்கா. ஆனால் அதே 2017 விதிகளில் அதற்கும் எல்லை உண்டு: நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, மாலை 7 முதல் காலை 8 மணி வரை கூடாது, வருமானத்துக்கான வேலையாகவும் இருக்கக் கூடாது. விடியற்காலைப் பூப்பறிப்பு அதற்குள் அடங்காது. அதற்காக உங்கள் வீட்டுக்கு அதிகாரி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அடுத்தவர் காட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்களே, அங்கேதான் வர வேண்டும்.

திருமங்கலம் மல்லி

சட்டம் அப்படி இருந்தால் இருக்கட்டும். முதல் பீரியடில் என் பிள்ளை தூங்கி விழுவதை டீச்சர் சொன்ன பிறகு பள்ளி நாளில் நானே அனுப்புவதில்லை. கூலி ஆள் வைத்தால் லாபம் குறைகிறது, அவ்வளவுதான். கூலிக்குப் பறிக்க வரும் பிள்ளைகள் விஷயம் நீங்கள் சொன்னது சரி. சீசனில் அது எங்கள் பக்கம் நிறைய.

வில்லாபுரம் ராஜ்யம்

எல்லாம் சரி. வறுமையை ஒழிக்காமல் சட்டம் பேசி என்ன பிரயோஜனம்? அந்த அப்பாவுக்குக் கடனை அடைக்க வேறு வழி என்ன இருக்கிறது?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

வறுமை ஒழியட்டும் என்று காத்திருந்தால் இந்தப் பையனுக்குக் கல்யாண வயசு வந்துவிடும் ஐயா. வறுமையைக் குறைக்க அரசு செய்வதும் பள்ளிக்கூடம் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கியதே நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஏழாம் வகுப்போடு ரயில் ஏறியவனுக்கு இதில் ஒரு பைசாவும் கிடைக்காது. வறுமையில் இருக்கிற வீட்டுக்குத்தான் பிள்ளை பள்ளியில் இருப்பது அதிகம் தேவை.

கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். காதுகுத்துக்கும் செய்முறைக்கும் வட்டிக்கு வாங்கி, அதை அடைக்கப் பிள்ளையை அனுப்புகிற வீடுகள் எனக்கே தெரியும். அந்த வீட்டுக்கு மகளிர் குழுக் கடனோ வேறு உதவியோ உடனே கிடைக்க வழி செய்யாமல், பிள்ளையை மட்டும் மீட்டால் பாதி வேலைதான்.

செக்கானூரணிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அந்தப் பையனின் அம்மாவிடம் பேசினேன். பெற்றோருக்குத் தண்டனை இல்லை என்று சொன்ன பிறகுதான் வாய் திறந்தார். அட்வான்ஸ் வாங்கியது உண்மை, இருக்கிற ஊரின் பெயரும் தெரிகிறது, போனில் வாரத்துக்கு ஒரு தடவை பேசவிடுகிறார்கள். பையன் வந்தால் போதும் என்கிறார். பள்ளியிலும் கேட்டேன், பையன் பெயர் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். வேறு மாநிலம் என்பதால் இங்கேயே கேஸ் எடுப்பார்களா?

மேலூர் வக்கீல்

எடுக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்ததும் கூட்டிப் போனதும் இங்கேதான் நடந்தது, அதனால் உங்கள் ஸ்டேஷனிலேயே புகார் பதியலாம். மதுரை கலெக்டர் அந்த மாவட்ட கலெக்டருக்கு எழுதுவார். இழுத்தடித்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம், அதற்கு நான் வருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.

மனுவில் இவ்வளவு இருந்தால் போதும்: பையன் கடைசியாகப் பள்ளிக்கு வந்த தேதி, 30 நாளுக்கு மேல் வராததை 2017 விதிப்படி பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கக் கோரிக்கை, அட்வான்ஸ் வாங்கியதால் கொத்தடிமைச் சட்டப்படி விசாரணை, மீட்டதும் விடுதலைச் சான்றிதழ், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கை. நகல் ஆர்.டி.ஓ.வுக்கும் தொழிலாளர் உதவி ஆணையருக்கும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

முன்னாள் முறுக்குப் பையன்

அண்ணே, திங்கட்கிழமை நானும் வருகிறேன். அந்த அம்மா என்னிடம் பேசினால் இன்னும் கொஞ்சம் தைரியம் வரும். எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இந்த மாதிரி இரண்டு பேர் வராமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தலைமையாசிரியரைப் பார்த்துத் தேதி வாங்கி வைக்கிறேன், அதையும் அதே மனுவில் சேர்க்கலாமா, தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டுமா?

மேலூர் வக்கீல்

தனித்தனியாகக் கொடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருந்தால்தான் எது நகர்ந்தது, எது நிற்கிறது என்று கேட்க முடியும்.